தாராவி முகாமில் எந்தப் புற்றுநோயை, யாருக்குச் சோதிப்பது?

அண்டாப் ஹில் வாசி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தமிழர் சங்கம் சார்பில் தாராவியில் அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மருத்துவ முகாம் வைக்கிறோம். போன முறை சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்தோம். இந்த முறை புற்றுநோய் என்று முடிவாகியிருக்கிறது. எங்களுக்குத் தெரிந்த குடும்பங்களில் அடுத்தடுத்துச் சிலருக்கு வந்துவிட்டது, எல்லோருமே முற்றிய பிறகுதான் மருத்துவமனைக்குப் போனார்கள்.

ஆனால் எதைச் சோதிப்பது என்பதில்தான் கூட்டத்தில் ஒத்துவரவில்லை. உலகத்திலேயே நுரையீரல் புற்றுநோய்தான் அதிகம், எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுப்போம் என்கிறார் ஒருவர். இன்னொருவர் ஒரு லேப்காரரைக் கூட்டி வந்தார். ஒரே ரத்தப் பரிசோதனையில் எல்லாப் புற்றுநோயும் தெரிந்துவிடும், தலைக்கு இவ்வளவு என்று பேக்கேஜ் சொல்கிறார். நம்மைப் போன்றவர்களுக்கு, அதாவது தாராவி, சயான், செம்பூர்ப் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு, உண்மையில் அதிகம் வருவது எது? ஆணுக்கு எது, பெண்ணுக்கு எது, எந்த வயதில்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நுண்ணோக்கி

நான் பத்தாலஜி லேபில் வேலை பார்க்கிறேன். டாக்டர் இல்லை. ஆனால் பயாப்ஸித் துண்டுகள், அதாவது புற்றுநோயா என்று பார்க்க உடம்பிலிருந்து எடுக்கும் சதைத் துண்டுகள், என் கையைத் தாண்டித்தான் போகின்றன.

நுரையீரல் முதலிடம் என்பது உலகக் கணக்கு. 2022-ல் உலகம் முழுக்கப் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் ஏறக்குறைய 2 கோடிப் பேர், அதில் நுரையீரல் மட்டும் 25 லட்சத்தை ஒட்டி. இந்தியாவின் கணக்கு வேறு மாதிரி. அதே ஆண்டில் இங்கே சுமார் 14 லட்சம் பேர். முதலில் மார்பகம், 1,90,000-க்கு மேல். அடுத்து வாயும் உதடும், 1,40,000-க்கு மேல். மூன்றாவது கருப்பை வாய், சுமார் 1,27,000. நுரையீரல் அதற்குப் பிறகுதான் வருகிறது, 80,000-ஐச் சற்றுத் தாண்டி. ஐந்தாவது உணவுக்குழாய்.

ஆண்களை மட்டும் எடுத்தால் வாய் முதலிடம். பெண்களை மட்டும் எடுத்தால் மார்பகம், அடுத்து கருப்பை வாய், அப்புறம் சினைப்பை.

இந்த முதல் மூன்றையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வாயைத் திறந்தால் கண்ணுக்குத் தெரியும். மார்பகக் கட்டி கைக்குத் தட்டுப்படும். கருப்பை வாயை ஒரு சாதாரணக் கருவியை வைத்து நேராகவே பார்க்கலாம். நம் நாட்டில் அதிகம் வரும் மூன்றும் கைக்கும் கண்ணுக்கும் எட்டும் இடத்தில்தான் வருகின்றன. அப்படியிருந்தும் எங்கள் மேசைக்கு வரும் துண்டுகளில் பெரும்பாதி முற்றியவை. அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் ஆறுவதில்லை. முகாமில் எக்ஸ்ரே வேண்டாம், இந்த மூன்றைப் பாருங்கள்.

மாட்டுங்கா மாமி

நுண்ணோக்கி சொல்வதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். "எங்கள் வீட்டில் வெற்றிலை கூடக் கிடையாது, எங்களுக்கு எதற்குச் சோதனை" என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் நிறையப் பேர் சொல்வார்கள். மார்பகப் புற்றுநோய் ஒழுக்கம் பார்த்து வருவதில்லை. என் நாத்தனாருக்கு 46 வயதில் வந்தது. பூஜை, புனஸ்காரம், சைவச் சாப்பாடு. குடும்பத்தில் வேறு யாருக்கும் கிடையாது. பரம்பரையாக மரபணு வழியாக வருவது பத்தில் ஒன்று கூட இருக்காது என்று டாக்டர் அப்போதுதான் விளக்கினார்.

எனக்குப் பக்கத்திலேயே தாதர் பார்சி காலனி. மும்பையின் புற்றுநோய்ப் பதிவேடு 1960-களிலேயே தொடங்கிவிட்டது, இந்தியாவில் மக்கள்தொகை அடிப்படையில் முதன்முதலாக எழுதப்பட்ட பதிவேடு அதுதான். அதை வைத்து டாக்டர் ஜஸ்ஸாவாலா போன்றவர்கள் சமூகவாரியாகப் பார்த்தபோது, பார்சிப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் மற்றவர்களைவிடக் கூடுதலாகவும் கருப்பை வாய்ப் புற்றுநோய் குறைவாகவும் இருந்தது. வாய், தொண்டைப் புற்றுநோயும் அவர்களிடம் குறைவு, ஏனென்றால் அவர்கள் புகையிலையைத் தொடுவது குறைவு. தாமதமாகக் கல்யாணம், ஒன்றோ இரண்டோ குழந்தை, தாய்ப்பால் கொடுக்கும் காலம் குறைவு. இவையெல்லாம் மார்பகப் புற்றுநோயின் வாய்ப்பைக் கூட்டும் என்பது இன்று எல்லா டாக்டர்களும் சொல்வது.

இப்போது நம் வீட்டுப் பெண்களைப் பாருங்கள். முப்பதுக்கு மேல் கல்யாணம், ஒரே குழந்தை, அந்தேரியில் ஐடி வேலை. என் மகளே அப்படித்தான். அதில் தப்பு ஒன்றும் இல்லை, படிக்கட்டும், சம்பாதிக்கட்டும். ஆனால் நம் பாட்டிமார்களுக்கு இல்லாத ஆபத்து இவர்களுக்குக் கூடியிருக்கிறது என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். மேலைநாடுகளில் அறுபதை ஒட்டி வருவது இங்கே ஏறக்குறைய பத்து வருடம் முன்னதாகவே வருகிறது. மாதவிடாய் நின்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நாற்பதுகளில் இருப்பவர்கள் தள்ளிப்போடக் கூடாது.

90 அடி ரோடு

மாமி சொல்வது சரி. ஆனால் புகையிலைக் கதையைக் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் தாத்தா தோல் பதனிடும் பட்டறையில் வேலை பார்த்தவர். 85 வயதுவரை பீடி, வெற்றிலை இரண்டும் விடவில்லை. தூக்கத்திலேயே போனார். நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குப் பொட்டலம் மட்டும்தான், அதுவும் டியூட்டியில் தூக்கம் வராமல் இருக்க.

நுண்ணோக்கி

தம்பி, உங்கள் தாத்தா தப்பித்தார், சந்தோஷம். அவருடன் பட்டறையில் இருந்தவர்களில் எத்தனை பேர் அந்த வயதைத் தொட்டார்கள் என்று உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். தப்பித்தவரைத்தான் குடும்பம் பேசும், போனவர் கதையை யாரும் எடுப்பதில்லை.

அதைவிட அவசரமான விஷயம் உங்கள் பாக்குப் பொட்டலம். புகையிலை இல்லாத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே பாக்கை, புகையிலையைப் போலவே, சந்தேகத்துக்கு இடமில்லாத முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. பாக்கை ஓயாமல் மெல்லும் இளைஞர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் நார் நாராக இறுகிப் போகும். காரம் பட்டால் எரியும். வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்காமல் ஆகும். கண்ணாடி முன் நின்று உங்கள் மூன்று விரல்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் இந்த வாரமே பல் டாக்டரிடம் போங்கள். அது இன்னும் புற்றுநோய் ஆகவில்லை, ஆனால் சிலருக்கு அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

மேலைநாட்டில் வாய்ப் புற்றுநோய் என்றால் பெரும்பாலும் நாக்கு, நாக்குக்குக் கீழே இருக்கும் வாயின் தரை. இங்கே கன்னமும் கீழ் ஈறும் சேரும் பள்ளம். காரணம் எளிது, பொட்டலத்தை ஒதுக்கி வைக்கும் இடம் அதுதான். மகாராஷ்டிராவில் 2012-லேயே குட்காவுக்குத் தடை போட்டாகிவிட்டது. பாக்குப் பொட்டலத்தையும் புகையிலைப் பொட்டலத்தையும் தனித்தனியாக வாங்கிக் கையில் கலந்துகொள்கிறார்கள். முப்பது, முப்பத்தைந்து வயதுப் பையன்களின் துண்டு வரும்போது எனக்கு உள்ளே என்னவோ செய்யும். தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

முலுண்ட் மருமகள்

புகையிலை என்றால் ஆண்கள் என்றே பேசுகிறோம். எங்கள் சாலில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், வயதான மராட்டிப் பெண்கள் பலர் மிஸ்ரி தேய்ப்பார்கள். புகையிலையை வறுத்துக் கரித்த தூள் அது, பல் தேய்க்கிறோம் என்பார்கள், ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை. அவர்களோடு பழகி நம் பெண்களும் சிலர் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். முகாமில் "புகையிலை போடுவீர்களா" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். "மிஸ்ரி தேய்ப்பீர்களா" என்று தனியாகக் கேளுங்கள்.

அப்புறம் கருப்பை வாய் பற்றி யாரும் இன்னும் பேசவில்லையே. வெட்கம்தான் காரணம் என்று எனக்குத் தெரியும். தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் அக்கா ஒருவர், மாதவிடாய் நின்று வருடக்கணக்கான பிறகு திரும்ப ரத்தம் பட்டதை வீட்டில் சொல்லாமலே இருந்தார். சூடு பிடித்திருக்கிறது என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்தார். இடுப்பு வலி தாங்க முடியாமல் போனபோதுதான் மகள் கூட்டிக்கொண்டு போனாள். ரேடியேஷன் முடிந்து இப்போது நடமாடுகிறார். ஆனால் அவர் பட்ட பாட்டில் பாதி வேண்டாததாக இருந்திருக்கும். மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், தாம்பத்தியத்துக்குப் பின் ரத்தம் பட்டாலும், வெள்ளைப்படுதல் நாற்றமெடுத்தாலும் பெண் டாக்டரிடம் போக வேண்டும்.

என் மகளுக்கு 11 வயது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குத் தடுப்பூசி போடலாம் என்கிறார்கள், மாமியார் "இந்த வயதில் எதற்கு" என்கிறார். யாராவது விளக்க முடியுமா?

நுண்ணோக்கி

அக்கா, இந்த வயதில்தான் போட வேண்டும். கருப்பை வாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய முழுக்கவே எச்.பி.வி. என்ற வைரஸால் வருகிறது. அதைக் காட்டியதற்காக ஹரால்டு ட்சூர் ஹௌசன் என்ற ஜெர்மானிய விஞ்ஞானிக்கு 2008-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். தாம்பத்திய உறவில் பரவும் மிகச் சாதாரணமான வைரஸ் அது. பெரும்பாலானவர்களுக்கு வரும், தானாகவே போய்விடும். சிலருக்குப் போகாமல் தங்கி, பத்துப் பதினைந்து வருடம் கழித்துப் புற்றுநோயாகிறது. வைரஸ் உடம்புக்குள் வரும் முன்பே ஊசி போட்டால்தான் முழுப் பலன். 9 முதல் 14 வயது வரை ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி போடுவது வழக்கம். ஒரே ஊசியும் நல்ல பாதுகாப்பு தருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் சொல்லியிருக்கிறது. புனேயின் சீரம் நிறுவனம் தயாரிக்கும் செர்வாவாக் என்ற எச்.பி.வி. தடுப்பூசி 2023-ல் வெளிவந்தது. உங்கள் மாமியாரிடம் "புற்றுநோய்க்குத் தடுப்பூசி" என்று மட்டும் சொல்லுங்கள், போதும். ஊசி போட்டிருந்தாலும் முப்பது வயதிலிருந்து சோதனை தேவை என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

சயான் பெரியவர்

வயதானவர்கள் பக்கம் யாரும் வரவில்லை. எனக்கு 71. எங்கள் நடைப்பயிற்சிக் கூட்டத்தில் இரண்டு பேருக்கு புராஸ்டேட் புற்றுநோய், ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பியில் வருவது. பெரும்பாலும் அறுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்குத்தான் வரும். நகரங்களில் கூடிவருகிறது. இரவில் அடிக்கடி எழுந்து சிறுநீர் கழிப்பது வயதானாலே வரும், அதற்காகப் பயப்பட வேண்டாம். ரத்தம் வந்தாலோ, முதுகெலும்பு வலி விடாமல் இருந்தாலோ காட்ட வேண்டும். பலருக்கு மெதுவாகத்தான் வளர்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அறுவை சிகிச்சையே வேண்டாம், கவனித்துக்கொண்டே இருப்போம் என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. என் தம்பிக்கு மலத்தில் ரத்தம் போனது. பக்கத்து கிளினிக்கில் மூலம் என்றார்கள். களிம்பு கொடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள், யாரும் விரலை விட்டுக்கூடச் சோதிக்கவில்லை. ஒரு வருடம் ஓடிவிட்டது. அது பெருங்குடலின் கடைசிப் பகுதியில் வந்த புற்றுநோய். மேலைநாடுகளோடு பார்த்தால் நமக்கு இது குறைவுதான், ஆனால் நகரத்து வாழ்க்கையில் கூடுகிறது, இளைஞர்களுக்கும் வருகிறது. ரத்தத்தோடு மலப்பழக்கமும் மாறி, உடம்பும் இளைத்தால் மூலம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். உள்ளே பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

90 அடி ரோடு

விரல் வைத்துப் பார்த்தேன். இரண்டுதான் நுழைகிறது. நாளை பல் டாக்டரிடம் போகிறேன்.

மாட்டுங்கா மாமி

போயிட்டு வாப்பா. என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுது.

டோம்பிவலி அப்பா

குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் மகனுக்கு ஐந்து வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. குழந்தைகளுக்கு வருவதில் அதுதான் அதிகம். அப்பா புகைத்தாரா, அம்மா என்ன சாப்பிட்டாள் என்று உறவினர்கள் துருவித் துருவிக் கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு இதற்குக் காரணம் என்று ஒன்றைக் காட்டவே முடியாது. என் மனைவி மேல் பழி போட்டதை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

விடாத காய்ச்சல், வெளிறிப்போன முகம், இடிக்காமலேயே உடம்பில் கன்றிப்போன நீலத் திட்டு, கால் எலும்பு வலி. இதெல்லாம் இருந்தது. ஒரு சாதாரண ரத்த எண்ணிக்கைச் சோதனையே சந்தேகத்தைக் கிளப்பியது. பரேலில் வைத்தியம், இரண்டு வருடத்துக்கு மேல் மருந்து. இப்போது எட்டாம் வகுப்பில் கிரிக்கெட் ஆடுகிறான். முழு வைத்தியமும் எடுத்தால் பெரும்பாலான பிள்ளைகள் பிழைக்கிறார்கள். பாதியில் ஊருக்குக் கூட்டிப்போனவர்களை நினைத்தால்தான் வேதனை. இன்னொன்று, போட்டோ எடுக்கும்போது குழந்தையின் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் உடனே கண் டாக்டரிடம் காட்டுங்கள். கண்ணில் வரும் புற்றுநோயின் அடையாளம் அப்படி இருக்கலாம்.

கோரேகாவ் இளைஞன்

மொபைல் டவரால்தான் இப்போது எல்லோருக்கும் வருகிறது என்று எங்கள் வாட்சப் குழுவில் தினமும் வருகிறதே?

நுண்ணோக்கி

டவரால் வருகிறது என்பதற்கு ஆதாரம் இதுவரை இல்லை. புகையிலை, பாக்கு, மது, எச்.பி.வி., காற்று மாசு, உடல் பருமன், எல்லாவற்றுக்கும் மேலாக வயது. இவற்றுக்கு மலை மலையாக ஆதாரம் இருக்கிறது. டவரைப் பார்த்துப் பயப்படும் நேரத்தில் பொட்டலத்தை விடலாம்.

நுரையீரலைப் பற்றி ஒரு வார்த்தை, முதல் கேள்வியில் வந்ததால். இந்தியாவில் புகைக்காதவர்களுக்கும், அதிலும் பெண்களுக்கு, கணிசமாக வருகிறது. மும்பையில் பெரிய சிக்கல், எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்ததும் டிபி என்று மருந்து தொடங்கிவிடுவது. நம் பகுதிகளில் டிபி அவ்வளவு இருப்பதால் டாக்டரையும் குறை சொல்ல முடியாது. சளியில் கிருமி தெரியாமல், மருந்து எடுத்தும் சில வாரங்களில் தேறவில்லை என்றால் ஸ்கேனும் பயாப்ஸியும் கேளுங்கள். பயாப்ஸி எடுத்தால் பரவிவிடும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். பயாப்ஸி முடிவு தெரியாமல் பொதுவாகப் புற்றுநோய் வைத்தியத்தைத் தொடங்க மாட்டார்கள்.

அண்டாப் ஹில் வாசி

எல்லோருக்கும் நன்றி. மூன்றுதான் என்று கூட்டத்தில் சொன்னேன். லேப்காரருக்கு ஆதரவாகச் சிலர் இன்னும் பேசுகிறார்கள். ரத்தப் பரிசோதனை சுலபம், பெண்கள் கூச்சப்பட மாட்டார்கள், அறிக்கையும் கையில் கிடைக்கும் என்கிறார்கள். இவ்வளவு சாதாரணமாகக் கையாலும் கண்ணாலும் பார்ப்பதால் உயிர் பிழைக்குமா என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

நுண்ணோக்கி

அதற்குப் பதில் நம் மும்பையிலேயே இருக்கிறது. டாட்டா நினைவு மருத்துவமனை 1998-ல் இந்த ஊர்க் குடிசைப் பகுதிகளில் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கியது. 35 முதல் 64 வயது வரையுள்ள பெண்கள், ஒன்றரை லட்சம் பேர். அதில் ஒரு பாதிப் பேருக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சோதனை, மறு பாதிக்கு விழிப்புணர்வு மட்டும். சோதித்தவர்கள் டாக்டர்கள் இல்லை. பத்தாவது படித்து, சில வாரங்கள் பயிற்சி பெற்ற பெண்கள். மார்பகத்தைக் கையால் தடவிப் பார்த்தார்கள். கருப்பை வாயில் வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலத்தை நீர்த்துத் தடவி, ஒரு நிமிடம் கழித்து எங்காவது வெளுக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தார்கள்.

2013-ல் வந்த முடிவு: சோதிக்கப்பட்ட பெண்களிடம் கருப்பை வாய்ப் புற்றுநோய் மரணம் 31 சதவீதம் குறைவு. 2021-ல் மார்பக முடிவு வந்தது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைவு. ஐம்பதுக்குக் கீழே மரணம் அப்படிக் குறையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஆனால் சோதிக்கப்பட்டவர்களிடம் கட்டி அதிகம் முற்றாத கட்டத்திலேயே கண்டறியப்பட்டது. நம் வீட்டுப் பக்கத்தில் இருக்கும் பெண்களைப் போன்றவர்களே செய்து காட்டிய வேலை இது. எனக்கு இதை நினைத்தால் பெருமையாக இருக்கும்.

பேக்கேஜ் விஷயம். அந்த ரத்தப் பரிசோதனைகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே நோய் இருப்பவருக்கு வைத்தியம் எப்படிப் போகிறது என்று பார்க்க உதவுபவை. நன்றாக இருப்பவருக்கு எடுத்தால் இல்லாத நோயை இருப்பதாகக் காட்டித் தூக்கம் கெடுக்கும். அதைவிட மோசம், இருக்கும் நோயை இல்லை என்று சொல்லி நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பும். வாய்ப் புற்றுநோயும் கருப்பை வாய்ப் புற்றுநோயும் ஆரம்பத்தில் அந்த அறிக்கையில் தெரியவே தெரியாது. வேண்டாம்.

அரசின் திட்டமே முப்பது வயதுக்கு மேல் எல்லோருக்கும் வாய், பெண்களுக்கு மார்பகமும் கருப்பை வாயும் என்றுதான் சொல்கிறது. மாநகராட்சி மருத்துவமனையில் கேட்டால் ஆள் அனுப்ப வாய்ப்பிருக்கிறது.

முலுண்ட் மருமகள்

பெண்களுக்குத் தனி அறை, கதவு பூட்டும்படி. திரைச்சீலை போதாது. உள்ளே பெண்கள் மட்டும். கணவருக்கும் மாமியாருக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அவர்கள் "போய்ட்டு வா" என்றால்தான் பாதிப் பெண்கள் வருவார்கள்.

டோம்பிவலி அப்பா

முகாமோடு விடாதீர்கள். சந்தேகம் என்று எழுதிக் கொடுத்தால் பாதிப் பேர் மருத்துவமனைக்குப் போக மாட்டார்கள். பயம், சம்பளம் போகும், மராட்டியும் இந்தியும் தடுமாறும். கூட ஒருவர் போக வேண்டும். ஆதார், மகாராஷ்டிரா ரேஷன் கார்டு இரண்டையும் முன்பே தயார் செய்யச் சொல்லுங்கள். மகாராஷ்டிரா அரசின் மகாத்மா புலே மருத்துவத் திட்டத்தில் செலவைப் பெரும்பாலும் அரசே ஏற்கிறது, ஆனால் நம்மவர்கள் பலரின் ரேஷன் கார்டு இன்னும் ஊரில்தான் இருக்கிறது. அங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள்.

90 அடி ரோடு

பார்த்துவிட்டேன். நார் இறுக்கம் ஆரம்ப நிலை, புண் எதுவும் இல்லை. பாக்கை அன்றோடு நிறுத்தச் சொன்னார், வாய்ப் பயிற்சி கொடுத்திருக்கிறார், மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். டிரைவர் ஸ்டாண்டில் என்னோடு இருக்கும் பையன்களையும் முகாமுக்குக் கூட்டி வருகிறேன். அவர்கள் டியூட்டி மாறுவது மதியம் இரண்டு மணிக்கு, அதனால் வாய் பார்க்கும் மேசையை மாலை வரை வைத்திருங்கள்.

அண்டாப் ஹில் வாசி

தம்பி, நல்ல சேதி. மேசை ஆறு மணி வரை இருக்கும். பல் டாக்டர்கள் இருவர் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். பெண்களுக்குப் பள்ளிக்கூட வகுப்பறை கேட்டிருக்கிறோம், பூட்டு இருக்கிறது. பேக்கேஜ் இல்லை என்று லேப்காரரிடம் சொல்லியாகிவிட்டது. சயான், பரேல் மருத்துவமனைகளுக்குக் கூடப் போக, வார நாட்களில் காலையில் நேரம் இருப்பவர்கள் யார்? மராட்டி பேசத் தெரிந்தால் நல்லது.

சயான் பெரியவர்

நான் வருகிறேன். செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் சும்மாதான் இருக்கிறேன். மராட்டி நன்றாக வரும்.

மாட்டுங்கா மாமி

பெண்களோடு போக என்னையும் எழுதிக்கொள்ளுங்கள். நாத்தனாரும் வருகிறேன் என்கிறாள்.